பழைய வானைத் திருத்துங்கள், பழைய காஸ் தாங்கியைத் திருத்தாதீர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கிற நேரத்தில் வாசியுங்கள். வான் வைத்திருப்பவர்கள், கராஜ், ஒட்டுப் பட்டறை, பழைய இரும்புக் கடை நடத்துபவர்கள், இரவுக் கடை போடுகிற தம்பிமார் கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய வானைத் திருத்தி உணவு வண்டியாக்குவதும், உல்லாசப் பயணிகளுக்குத் தங்கும் வண்டியாக்குவதும் நல்ல தொழில். அதை வரவேற்கிறோம். ஆனால் அந்த வானோடு வந்த பழைய காஸ் தாங்கியைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, வால்வு மாற்றி, எங்கேயோ ஓரிடத்தில் நிரப்பி அடுப்பு மூட்டுவதை எங்கள் ஊரில் ஒருவரும் செய்யக் கூடாது. செய்து கொடுக்கவும் கூடாது.

இப்போது ஏன் இதை எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நின்றது. 2025 தொடக்கத்தில் திறந்துவிட்டார்கள், ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. அதனால் முப்பது வருடப் பழைய டொல்பின் ஹையேஸுக்கும் லைட் ஏஸுக்கும் இன்னும் மவுசு. உள்ளே இருக்கைகளைக் கழற்றி, பலகை அடித்து, ஒரு பக்கம் திறக்கிற கதவு வைத்து, கொத்துக் கல்லும் அடுப்பும் ஏற்றினால் ஒரு குடும்பம் பிழைக்கும். காரைநகர் கசூரினாப் பக்கமும் கோட்டைப் பக்கமும் மாலையில் போய்ப் பார்த்தால் விளங்கும். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரும் "அங்கே நாங்கள் வானுக்குள்ளேயே சமைத்து, வானுக்குள்ளேயே படுத்து ஊர் சுற்றுவோம், இங்கேயும் ஒன்று செய்வோமா" என்று ஆசை காட்டுகிறார்கள். ஆசை நல்லது. காஸ் என்று வரும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது.

வானில் கிடைக்கிற பழைய தாங்கி பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றுக்கும் மூன்று வகையான ஆபத்து.

முதலாவது, வண்டி ஓடுவதற்காகப் பூட்டிய தாங்கி. 90களின் நடுப்பகுதியில் இந்த நாட்டில் பெட்ரோல் வாகனங்களைக் காஸுக்கு மாற்றுகிற தொழில் வந்தது. இன்று வீட்டுச் சிலிண்டர் விற்கிற லாப்ஸ் நிறுவனமே 1995இல் அந்தத் தொழிலில்தான் தொடங்கியது. அப்படிப் பூட்டிய தாங்கிகள் சில வாகனங்களின் பின்பக்கத்தில் இன்றும் கிடக்கின்றன. பார்த்தால் தடித்த இரும்பு, நல்ல உருளை. "சேர், இது வீட்டுச் சிலிண்டரை விடப் பலமானது, இதிலேயே அடுப்பைக் கொளுவலாம்தானே" என்று எங்களிடம் படித்த பிள்ளைகளே கேட்கிறார்கள்.

கொளுவக் கூடாது. காரணம் எளிது. வீட்டுச் சிலிண்டரில் கீழே திரவம், மேலே ஆவி. வால்வு மேலே இருப்பதால் அடுப்புக்கு ஆவி மட்டும் போகிறது. இயந்திரத்துக்கான தாங்கியில் உள்ளே ஒரு குழாய் அடிவரை போய்த் திரவத்தை உறிஞ்சும். அந்தத் திரவத்தை ஆவியாக்க இயந்திரத்தின் பக்கத்தில் தனிக் கருவி இருக்கும். அந்தத் தாங்கியை நேரே அடுப்போடு தொடுத்தால் ஹோஸுக்குள் திரவம் வரும். ஒரு லீற்றர் திரவம் வெளியே வந்து ஆவியானால் ஏறத்தாழ 250 லீற்றர் காஸ். சாதாரண ரெகுலேட்டர் அதைத் தாங்காது. அடுப்பிலிருந்து சுவாலை முகட்டுக்குப் போகும். வானின் முகடு எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, கம்பனிப் பெயர் உள்ள வீட்டுச் சிலிண்டர். பல கை மாறி, வருடக்கணக்காக வளவுக்குள் கிடந்தது. அடி வளையம் உக்கியிருக்கும். நாவாந்துறை, குருநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. சிலிண்டரின் சுவர் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். அதில் துரு ஒரு குழி தோண்டினால், அந்த இடத்தில் மிச்சம் இருப்பது எவ்வளவு? பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குக் குழி மறையும். அழுத்தத்துக்கு மறையாது.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து பொருட்களோடு வந்த முகாம் வண்டிச் சிலிண்டர். பிரித்தானியாவில் காலோர் நிறுவனத்தின் சிவப்புச் சிலிண்டரில் பிரோப்பேன், நீலச் சிலிண்டரில் பியூட்டேன். குளிர்நாட்டில் முகாம் வண்டிக்காரர் பிரோப்பேனை விரும்புவதற்குக் காரணம் உண்டு. பியூட்டேன் பூச்சியம் பாகைக்குக் கிட்ட வந்தால் ஆவியாகாது, அடுப்பு எரியாது. பிரோப்பேன் மறை 42 பாகையில்கூட ஆவியாகும். எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. யாழ்ப்பாணத்தில் மார்கழிக் குளிருக்கும் பியூட்டேன் நன்றாக எரியும். ஆகவே அந்தச் சிலிண்டரால் இங்கே ஒரு பிரயோசனமும் இல்லை. அதன் வால்வும் புரியும் வேறு. எங்கள் ரெகுலேட்டர் பொருந்தாது. பொருந்தாததைப் பொருந்தச் செய்ய ஒரு கடைசல்காரரைத் தேடிப் போவதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

இனி நிரப்புகிற கதைக்கு வருவோம்.

கம்பனிச் சிலிண்டரைக் கொடுத்து நிரம்பிய சிலிண்டர் வாங்குவதுதான் இங்கே முறை. வானின் பழைய தாங்கியை எந்த முகவரும் வாங்க மாட்டார். அப்போது என்ன செய்கிறார்கள்? 12.5 கிலோ சிலிண்டரைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டு பக்கமும் வால்வு பூட்டிய ஹோஸால் கீழே உள்ள தாங்கிக்குள் திரவத்தை இறக்குகிறார்கள். சிலர் தாங்கிக்கு ஐஸ் வைக்கிறார்கள், சிலர் மேலே உள்ள சிலிண்டருக்குச் சுடுதண்ணீர் ஊற்றுகிறார்கள். இதைச் சொல்லிக் கொடுக்கிற வீடியோக்களும் கைபேசியில் வருகின்றன.

இதில் காஸ் கசிவதை மட்டும் பார்க்க வேண்டாம். அளவுக்கு மேல் நிரம்புவது அதைவிடப் பெரிய ஆபத்து. முறையாக நிரப்பும் இடத்தில் சிலிண்டரை நிறுத்து நிரப்புவார்கள். மேலே ஐந்தில் ஒரு பங்கு அளவு வெறுமையாக விடுவார்கள். வண்டித் தாங்கிகளில் 80 சதவீதம் வந்ததும் தானாக மூடுகிற வால்வு இருக்கும். அந்த வெற்றிடம் கம்பனிக்காரர் எங்களை ஏமாற்ற விட்டதல்ல. திரவம் சூட்டில் பெருக்கும். பிரோப்பேன் திரவம் 15 பாகையிலிருந்து 35 பாகைக்கு வந்தால் ஏறத்தாழ 6 சதவீதம் பெருக்கும். தண்ணீரோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்குக்கும் மேல். விடியக்காலையில் ஐஸ் வைத்து முட்ட நிரப்பிய தாங்கியை, பங்குனி சித்திரை வெயிலில் தகர வானுக்குள் மத்தியானம் வைத்தால், பெருக்கிற திரவத்துக்குப் போக இடமில்லை. இரும்புதான் வழிவிட வேண்டும். பாதுகாப்பு வால்வு நல்ல நிலையில் இருந்தால் அது திறந்து வானுக்குள் காஸைக் கக்கும். துருப்பிடித்து இறுகியிருந்தால் அதுவும் இல்லை.

அழுத்தம் எவ்வளவு என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கார் ரயரில் ஏறத்தாழ 2 பார். 30 பாகை வெப்பத்தில் பியூட்டேனும் அதே அளவுதான், 2 பாருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பிரோப்பேன் அதே வெப்பத்தில் 10 பாரைத் தொடும். எங்கள் சிலிண்டரில் இருப்பது இரண்டின் கலவை. கலவை மாறினால் அழுத்தமும் மாறும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2021 கடைசியில் இந்த நாடு முழுவதும் கண்டது. நவம்பரில் கொழும்பு குதிரைப் பந்தயத் திடல் கட்டடத்தில் வெடிப்பு. அதன்பின் மாவட்டம் மாவட்டமாக அடுப்புகள் வெடித்த செய்தி, நூற்றுக்கணக்கில். உயிர்களும் போயின. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் ஜனாதிபதி அமைத்த குழு ஆராய்ந்து, கலவையில் பிரோப்பேனின் பங்கு கூடியதையே முக்கிய காரணமாகச் சொன்னது. அந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் வெடித்தது சிலிண்டர் அல்ல. அடுப்பும், ஹோஸும், இணைப்பும் இருந்த இடம். பழைய கலவைக்குப் பழகிய வீட்டுப் பொருத்துகள் கூடிய அழுத்தத்தில் கசிந்தன. கம்பனியில் நிரப்பி, முகவரிடம் வாங்கிய சிலிண்டருக்கே இந்த நிலை. அப்படியென்றால் எந்தக் கலவை என்றே தெரியாத காஸை, எந்த வருடத்து இரும்பு என்றே தெரியாத தாங்கிக்குள் அடைத்தால்?

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. காஸுக்கு இயற்கையாக மணம் இல்லை. எங்களுக்கு வருகிற அந்தக் கெட்ட மணம் எதைல் மெர்கப்டன் என்ற பொருளைக் கொஞ்சம் சேர்ப்பதால் வருவது. கசிந்தால் மூக்கு சொல்லட்டும் என்றுதான் சேர்க்கிறார்கள். உள்ளே துருப்பிடித்த பழைய தாங்கியில், குறிப்பாக வருடக்கணக்காக வால்வு திறந்து காற்றும் ஈரமும் புகுந்த தாங்கியில், அந்தத் துரு மணப்பொருளைத் தின்றுவிடும். காஸ் கசியும், மணம் வராது. "மணம் வந்தால் பார்த்துக்கொள்வோம்" என்ற எங்கள் கடைசிக் காவலும் பழைய தாங்கியில் செத்துப்போகும்.

வானுக்குள் கசிந்தால் எவ்வளவு காஸ் தேவை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு ஒன்று போடுவோம். வானின் உட்பகுதி 8 கன மீற்றர் என்று வைப்போம். அதாவது 8,000 லீற்றர். காற்றில் 2 சதவீதம் காஸ் கலந்தாலே பற்றும். 8,000இல் 2 சதவீதம் 160 லீற்றர். 160 லீற்றர் காஸின் நிறை ஏறத்தாழ 350 கிராம். அரைக் கிலோகூட இல்லை. மிகச் சிறிய 2 கிலோ சிலிண்டரில் இருப்பதே இதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அதோடு காஸ் காற்றைவிடப் பாரமானது. மேலே யன்னலால் போகாது. தரைப் பலகையில் படுத்து, மெத்தைக்குக் கீழேயும் பற்றரிக்குப் பக்கத்திலும் தேங்கி நிற்கும். குளிர்சாதனப் பெட்டி "டிக்" என்று ஒரு தரம் போட்டால் போதும்.

ஓடுகிற வண்டிக்குள் சமைக்கிற ஆபத்துக்கு அக்கரையிலிருந்து ஒரு சாட்சி. 2023 ஆகஸ்ட் 26, மதுரை. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப் பெட்டி ரயில் நிலையத்தின் பக்கப் பாதையில் நிறுத்தப்பட்டிருந்தது. விதியை மீறி உள்ளே ஏற்றியிருந்த காஸ் சிலிண்டரில் விடியக்காலையில் தேநீர் போட முயன்றபோது தீ. ஒன்பது பேர் இறந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. வெளியூரில் கடைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல் எல்லோருக்கும் சமைத்துக் கொடுக்க நினைத்தவர்கள்.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான சாட்சி மினா. 1997 ஏப்ரல் 15, ஹஜ்ஜின்போது கூடாரங்களில் பற்றிய தீ 343 ஹாஜிமாரைக் கொண்டுபோனது. சமையல் காஸில் தொடங்கிய தீ என்றே சொல்லப்பட்டது. அதன்பின் சவூதி அரசாங்கம் தீப்பிடிக்காத கூடாரங்களை அமைத்தது, கூடாரத்துக்குள் காஸ் அடுப்பையும் தடைசெய்தது. அல்லாஹ்வின் விருந்தாளிகள் கூடுகிற இடத்திலேயே "நாடினது நடக்கும்" என்று விட்டுவிடவில்லை. விதி போட்டார்கள், சாமானை மாற்றினார்கள். உறங்கப் போகுமுன் வீட்டு நெருப்பை அணைத்துவிடச் சொல்லித்தந்த மார்க்கம் எங்களுடையது. தவக்குல் என்பது வால்வைப் பார்க்காமல் விடுவதற்கான அனுமதி அல்ல.

இனி மறுபக்கத்துக் கதையையும் நியாயமாகக் கேட்போம். மூன்று விஷயம் சொல்கிறார்கள்.

ஒன்று: "யாழ்ப்பாணத்தான் எதைத் திருத்தாமல் விட்டான்?" உண்மை. பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே இருந்தவர்கள் ஒரு துளி பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஏ-40 காரை ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோ சுற்றி வானொலி கேட்டார்கள். நாங்கள் அப்போது இங்கே இல்லை. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகவைக்கப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் இருந்தோம். ஆனாலும் அந்த மக்களின் கெட்டித்தனத்தை மதிக்கிறோம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிய கார்பரேட்டர் பிழைத்தால் கார் நிற்கும், இறங்கித் தள்ளலாம். அழுத்தத் தாங்கி பிழைத்தால் தள்ளுவதற்கு ஆள் இருக்காது. கெட்டித்தனம் காட்டுகிற இடம் ஒன்று, காட்டக் கூடாத இடம் ஒன்று. நல்ல பாஸ்மாருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

இரண்டு: "புதுச் சிலிண்டருக்குக் காசு எங்கே?" இதை லேசாகத் தள்ள மாட்டோம். 2021 ஒக்டோபருக்கு முன் கொழும்பில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ காஸ், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் காஸ் இல்லாமல், நடுரோட்டில் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வரிசை வைத்துவிட்டு, இரவிரவாகக் காவல் இருந்தோம். அந்த நாளிலிருந்து பழைய சிலிண்டர் ஒன்றைக் கண்டாலும் எறிய மனம் வருவதில்லை. 1990இல் வெறுங்கையோடு போய், 2009க்குப் பிறகு திரும்பிவந்து, பழைய இரும்பு பொறுக்கி மீண்டும் வீடு கட்டிய சமூகத்துக்கு எறிவது இன்னும் கஷ்டம். விளங்குகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பழைய தாங்கிக்குச் சுரண்டல் கூலி, பெயிண்ட், வால்வு, கடைசல், ஹோஸ், இறக்கும்போது காற்றில் போகிற காஸ். எல்லாம் கூட்டினால் முறையான சின்னச் சிலிண்டர் ஒன்றின் செலவுக்குக் கிட்ட வந்துவிடும். லிட்ரோவில் 5 கிலோவும் 2.3 கிலோவும், லாப்ஸில் 5 கிலோவும் 2 கிலோவும் உண்டு. வானுக்கு அவை இடத்துக்கும் பாரத்துக்கும் பொருத்தம். காலியானால் எந்த ஊரிலும் மாற்றலாம். வான் திருத்த இலட்சக்கணக்கில் செலவழிக்கிறவர் காஸில் மட்டும் சிக்கனம் பிடிப்பது சிக்கனம் இல்லை.

மூன்று: "அழுத்தம் வைத்துப் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை." எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டால், ரயர் கடைக் கொம்பிரசரால் காற்றடித்துச் சவர்க்காரத் தண்ணீர் பூசினோம் என்கிறார்கள். ரயர் கடைக் கொம்பிரசர் 8 பார் அளவில் நின்றுவிடும். பிரோப்பேன் கூடிய கலவை வெயிலில் அதைத் தாண்டும். அதைவிட, முறையான சோதனையில் தாங்கிக்குள் காற்றடிப்பதில்லை, தண்ணீரை நிரப்பித்தான் அழுத்தம் ஏற்றுவார்கள். தண்ணீர் நிரம்பிய தாங்கி பிளந்தால் தண்ணீர் கசிந்து நிற்கும். காற்று நிரம்பியது பிளந்தால் துண்டுகள் பறக்கும். ஒட்டுப் பட்டறையில் செய்கிற அந்தச் சோதனையே ஒரு விபத்தாகலாம்.

வெளிநாட்டில் பழைய முகாம் வண்டிகளைத் திருத்துவதில்லையா? திருத்துகிறார்கள். ஆனால் காஸ் பகுதியை அவர்கள் தங்கள் கையில் எடுப்பதில்லை. ஜெர்மனியில் முகாம் வண்டியின் காஸ் அமைப்பை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும். ரெகுலேட்டரையும் ஹோஸையும் பத்து வருடத்தில் கழற்றி எறிய வேண்டும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும். அக்கரையில் இந்தியாவில் ஒவ்வொரு சிலிண்டரின் மேல் வளையத்திலும் ஓர் ஆங்கில எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் வருடத்தின் முதல் மூன்று மாதம், பி அடுத்த மூன்று மாதம். அந்தத் தேதிக்குள் திரும்பவும் சோதிக்க வேண்டும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் வானுக்குள் சமைத்து ஊர் சுற்றுகிறார் என்றால், இந்தப் பரிசோதனைகளையும் சேர்த்துத்தான் சுற்றுகிறார். நாங்கள் வானை மட்டும் பார்த்துப் பரிசோதனையை விட்டுவிட்டோம்.

சரி, என்னதான் செய்யலாம்? வகுப்பில் எழுதிப் போடுவது போல எழுதிப் போடுகிறோம்.

1. வானில் முறையான கம்பனிச் சிலிண்டர் மட்டும். வாங்கும்போது அடி வளையம், மேல் வளையம், வால்வு பாருங்கள். நெளிவு, ஆழத் துரு இருந்தால் முகவரிடமே மாற்றிக் கேளுங்கள். வெற்று நிறை சிலிண்டரிலேயே இருக்கும். தராசில் வைத்தால் காஸ் எவ்வளவு என்று தெரியும்.

2. சிலிண்டர் ஆட்கள் இருக்கிற பகுதிக்குள் வேண்டாம். வெளியே திறக்கிற தனிப் பெட்டி, உள்பக்கம் காற்றுப் புகாத அடைப்பு, அடித்தட்டில் துவாரம். கசிந்தால் காஸ் நிலத்துக்கு இறங்கிப் போகட்டும். முகாம் வண்டிகளில் உலகம் முழுக்க இப்படித்தான். இதைச் செய்ய எங்கள் ஒட்டுக்காரர்களுக்கு அரை நாள் வேலை. அவர்களின் கெட்டித்தனத்தை இங்கே காட்டட்டும்.

3. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், பட்டியால் இறுக்க வேண்டும். படுத்தால் திரவம் ஹோஸுக்கு வரும். ஓடும்போது வால்வு மூடி, ரெகுலேட்டர் கழற்றி.

4. ஹோஸும் ரெகுலேட்டரும் தரமானவையாக, கிளிப் போட்டு. இந்தியாவில் காஸ் ஹோஸுக்கு ஐந்து வருடம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். கொத்துக் கல்லின் சூட்டிலும் எண்ணெயிலும் குலுக்கத்திலும் இருக்கிற வானுக்கு அதற்கு முன்பே மாற்றுங்கள். இணைக்கும் ஒவ்வொரு முறையும் சவர்க்காரத் தண்ணீர். நெருப்புக்குச்சியால் கசிவு பார்க்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

5. கதவுப் பக்கத்தில் ஒரு தீயணைப்புக் கருவி. அடுப்புக்குப் பின்னால் அல்ல. தீப்பிடித்தால் அடுப்பைத் தாண்டிக் கை நீட்ட முடியாது.

6. வானுக்குள் ஆட்கள் உறங்கும்போது அடுப்பு வேண்டாம், சூட்டுக்கும் வேண்டாம், கொசுவுக்கும் வேண்டாம். எரிகிற காஸ் மூடிய இடத்தில் காபன் மொனொக்சைட்டைத் தரும். அதற்கும் மணம் இல்லை.

பழைய இரும்புக் கடை நடத்துகிற எங்கள் நானாமாருக்கும் தம்பிமாருக்கும் தனியாக ஒரு வார்த்தை. திருத்த வேண்டாம் என்று நாங்கள் சொல்கிற தாங்கி எல்லாம் கடைசியில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். வெறுந் தாங்கி நிரம்பிய தாங்கியைவிடப் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். நிரம்பிய தாங்கிக்குள் காற்று இல்லை, உள்ளே எரியாது. வெறுந் தாங்கிக்குள் மிச்சக் காஸும் காற்றும் கலந்து, பற்றுவதற்குச் சரியான அளவில் நிற்கும். கிரைண்டர் ஒரு பொறி போட்டால் போதும். கம்பனிப் பெயர் உள்ள சிலிண்டர் வந்தால் வெட்டாமல் முகவருக்குத் திருப்புங்கள். வண்டித் தாங்கி வந்தால், திறந்த வெளியில் வால்வைத் தெரிந்தவர் கழற்றி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பாமல் வெட்டுகிற வேலையைத் தொடங்கவே வேண்டாம். வெட்டி வருகிற இரும்பின் காசு பட்டறையில் நிற்கிற பிள்ளையின் கைக்கு ஈடாகாது. அந்தப் பிள்ளைகளில் பலர் எங்கள் வகுப்பில் இருந்து எழும்பிப் போனவர்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் நாங்கள் கேட்பது இரண்டு. ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் தாருங்கள். மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவிலிருந்து ஒருவரை அழைத்து, கசிந்தால் என்ன செய்வது, தீ என்றால் எதை முதலில் மூடுவது என்று முற்றத்தில் செய்து காட்டவைப்போம். நோன்புக் கஞ்சிக்கும் பெருநாளுக்கும் கந்தூரிக்கும் பெரிய சிலிண்டர் வைத்துச் சமைக்கிறோம், அதற்கும் இது உதவும். இரண்டாவது, வீடுகளில் கிடக்கிற பழைய, பாவிக்க முடியாத சிலிண்டர்களை ஒரே நாளில் சேர்த்து முகவர்களிடம் ஒப்படைக்க ஓர் ஏற்பாடு. தனித்தனியாகப் போனால் "எங்களுடையது இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். ஊராகப் போனால் கேட்பார்கள்.

மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் ஒன்று. உணவு வண்டிக்கு அனுமதி கொடுக்கும்போது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரையும் கைச் சுத்தத்தையும் பார்க்கிறார். நல்லது. சிலிண்டர் எங்கே இருக்கிறது, ஹோஸ் எந்த நிலையில் இருக்கிறது, தாங்கி யாருடையது என்று பார்க்கவும் ஒருவரை அனுப்புங்கள். அதற்காகச் சின்ன வியாபாரிமாரை விரட்ட வேண்டாம். திருத்துவதற்கு ஒரு மாதம் தவணை கொடுங்கள், திருந்தாவிட்டால் அனுமதியை நிறுத்துங்கள். ஒரு வண்டி வெடித்த பிறகு எல்லா வண்டியையும் தடைசெய்வதைவிட இது நியாயம். அப்படி ஒன்று நடந்தால் முதலில் பசியிருப்பது இந்தத் தொழிலை நம்பியிருக்கிற எங்கள் ஏழைக் குடும்பங்கள்தான்.

கடைசியாக வான் திருத்துகிற தம்பிமாருக்கு. உங்கள் வான்கள் எங்களுக்குப் பெருமை. முப்பது வருட வண்டிக்கு உயிர் கொடுக்கிற கை லேசான கை இல்லை. தகரத்தைத் திருத்துங்கள், இயந்திரத்தை இறக்கி ஏற்றுங்கள், வயரிங் மாற்றுங்கள், உள்ளே மரவேலை செய்யுங்கள். காஸ் தாங்கியை மட்டும் முறையாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முகவரிடம் ஒரு சிலிண்டர் வாங்குங்கள். வாங்கக் கையில் காசு போதாதவர்கள் இருந்தால் வெட்கப்படாமல் நிர்வாகத்திடமோ எங்களிடமோ சொல்லுங்கள். ஒரு சிலிண்டருக்கான காசை இந்த மஹல்லா கூடிக் கொடுக்கும், இன்ஷா அல்லாஹ்.

இந்தப் பதிவைக் கராஜ் வைத்திருக்கிற, இரவுக் கடை போடுகிற ஒருவருக்காவது இன்றே அனுப்புங்கள். வாசிக்க நேரமில்லாதவருக்கு வாயால் சொல்லுங்கள்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளையும் எங்கள் அயலவர் எல்லோரையும் நெருப்பின் தீங்கிலிருந்து காப்பானாக. ஆமீன்.